உழைத்துப் பயிலும் மாணாக்கரும் நீர்வழிப் பயணமும்

பயணம் என்ற சொல்லைக் கேட்டவுடன் குற்றாலத்துச் சாரலும் மாமல்லபுரத்துச் சிற்பமும் நினைவுக்கு வருவது வசதியுடையோர்க்கு இயல்பு. பகலெல்லாம் ஒரு கடையில் கணக்கெழுதி, மாலையில் பாடம் கேட்டு, இரவில் தேர்வுக்குப் படிக்கும் இளைஞனுக்கோ அச்சொல் வேறு பொருள் தருகின்றது. வேலைக்கும் வகுப்புக்கும் இடையே கிடக்கும் தொலைவே அவனுக்குப் பயணம். அத்தொலைவைக் குறைந்த செலவில், குறித்த நேரத்தில், உயிருக்கு ஊறின்றிக் கடப்பது எங்ஙனம் என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

இதனைப் பொதுப்படப் பேசுவதைக் காட்டிலும் ஒரு நாட்டுப் பகுதியை எடுத்துக்கொண்டு பேசுவது விளக்கமாக இருக்கும். நான் எடுத்துக்கொள்வது கேரளத்துக் குட்டநாடும் அதனை அடுத்த வேம்பநாட்டுக் காயலும். பேருந்தும் புகைவண்டியும் எங்கும் உண்டு. படகையும் அன்றாடப் பொதுப் போக்குவரத்தாகக் கொண்டு மக்கள் வாழும் இடம் நம் அண்டையில் அதுவே. மேலும், 1979 முதல் 1982 வரை ஆலப்புழையில் ஒரு கயிற்று வணிகரிடம் கணக்கெழுதிக்கொண்டே தனித்தேர்வராகப் பட்டப்படிப்புக்குப் பயின்றவன் நான். வார இறுதி வகுப்பு கோட்டயத்தில் இருந்த ஒரு தனிப்பயிற்சிக் கூடத்தில் நடைபெறும். ஆகவே அந்தப் படகுகளின் பலகை இருக்கைகளை நான் நன்கு அறிவேன்.

குட்டநாடு என்பது நமக்குப் புதிய பெயரன்று. கொடுந்தமிழ் நாடுகள் பன்னிரண்டு என்று எண்ணிய பழைய உரையாசிரியர்கள் அவற்றுள் குட்டத்தையும் ஒன்றாகக் குறித்துள்ளனர். குட்டம் என்பது ஆழ்ந்த நீர்நிலை. பெயர் நிலத்துக்கு மிகவும் பொருந்தும். பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் முதலிய ஆறுகள் மலையினின்று இறங்கிக் காயலில் கலக்குமிடம் அது. அங்கே வயல்களிற் பல கடல் மட்டத்துக்கும் தாழ்வானவை. காயலை வரம்பிட்டு அடைத்து, நீரை இறைத்து வெளியேற்றி நெல் விதைக்கின்றனர். நிலம் தாழ்ந்தும் நீர் உயர்ந்தும் கிடக்கும் அந்நாட்டில் படகில் செல்லும் ஒருவன் கீழே குனிந்து வயலைப் பார்க்க வேண்டும்! முதன்முறை காண்பவர்க்கு இது கண்கட்டு வித்தை போலவே தோன்றும்.

இத்தகைய நிலத்தில் சாலை போடுவது எளிதன்று. வாய்க்காலுக்கு வாய்க்கால் பாலம் வேண்டும். ஆதலின் பள்ளிக்கும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் படகே வழியாயிற்று. ஆலப்புழை நகரத்தையேனும் புகைவண்டி தொட்டது எப்போது? 1989-ஆம் ஆண்டில்தான். நான் அங்கிருந்த காலத்தில் புகைவண்டி ஏற விரும்புவோர் கோட்டயத்துக்கோ காயங்குளத்துக்கோ எறணாகுளத்துக்கோ செல்ல வேண்டியிருந்தது. விடுமுறைக்கு ஊர் திரும்ப நான் காயங்குளம் வரை பேருந்தில் சென்று, அங்கிருந்து தெற்கே செல்லும் பாசஞ்சர் வண்டியைப் பிடிப்பேன். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு இருப்புப்பாதை 1979 ஏப்ரலில் திறக்கப்பட்டது என் போன்ற குமரி மாவட்டத்தார்க்குப் பெரும் பேறாயிற்று.

கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை 1968-இல் தனித் துறையாக அமைந்தது. அதன் தலைமையிடம் ஆலப்புழை. கோட்டயம், முகம்மா, நெடுமுடி, புளிங்குன்னு, சங்கனாச்சேரி, வைக்கம், எறணாகுளம், கொல்லம் முதலிய பல நிலையங்களிலிருந்து அத்துறையின் படகுகள் புறப்படுகின்றன. படகில் பணிபுரிவோர் யாவர் என்பதை அறிந்துகொண்டால் பயணம் எளிதாகும். சுக்கானைப் பிடிப்பவர் ஸ்ராங்கு. எந்திரத்தைக் கவனிப்பவர் டிரைவர். கயிறு வீசிப் படகைத் துறையில் பிணைப்போர் லாஸ்கர்கள். சீட்டுக் கொடுத்துக் கணக்கு வைப்பவர் போட்டு மாஸ்டர். பழைய படகுகளில் ஸ்ராங்கு முன்புறத்திலும் டிரைவர் நடுவே எந்திரத்தின் அருகிலும் இருப்பர். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. ஸ்ராங்கு ஒரு கயிற்றை இழுப்பார். எந்திரத்தின் அருகே மணி ஒலிக்கும். அந்த ஒலியின் கணக்கைக் கொண்டு டிரைவர் வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார், பின்னோக்கிச் செலுத்துவார். ஒருவரையொருவர் காணாமலே இருவர் ஒரு காரியத்தை இவ்வளவு நுட்பமாகச் செய்வதைப் பிற்காலத்தில் வகுப்பறையில் பல முறை எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறேன்.

இனிச் செலவுக் கணக்குக்கு வருவோம். சிக்கனப் பயணம் என்றால் கட்டணம் குறைந்த வண்டியில் ஏறுவது என்று பலர் கருதுகின்றனர். உழைத்துப் பயிலும் மாணாக்கனுக்கு அக்கணக்குப் போதாது. அவன் செலுத்துவது கட்டணம் மட்டுமன்று, நேரத்தையும் செலுத்துகின்றான். அந்த நேரத்தில் ஒரு பகுதி கூலியாக மாறக்கூடியது. மற்றொரு பகுதி படிப்பாக மாறக்கூடியது. ஆலப்புழையிலிருந்து கோட்டயத்துக்குப் படகில் செல்ல ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆகும். சாலை வழியே அதனினும் விரைந்து செல்லலாம். ஆயினும் நெரிசலான பேருந்தில் நின்றுகொண்டு செல்லும் ஒன்றரை மணி நேரம் முற்றிலும் இழப்பே. படகில் அமர்ந்து செல்லும் இரண்டரை மணி நேரமோ, காற்றோட்டமும் வெளிச்சமும் குலுக்கலின்மையும் உடையதாதலின், படிப்புக்கு முழுமையாக உதவும். பொருளியல் பாடத்தின் பெரும்பகுதியை நான் கற்றது அந்தக் காயலின் மேல்தான். வகுப்பில் கற்றது சொற்பம். எந்திரத்தின் ஒலி முதல் நாள் தொல்லையாக இருக்கும். மூன்றாம் நாள் அது காதில் விழாது.

இதற்கு மாறான நிலையும் உண்டு. வேலைக்குக் குறித்த மணியில் சென்று சேர வேண்டிய நாளில் மெதுவான ஊர்தி மலிவானது என்று ஏறுதல் அறிவுடைமையாகாது. அரை நாள் கூலி போனால் ஒரு வாரக் கட்டண மிச்சம் அதனோடு போயிற்று. ஆகவே செல்லும் வழிக்கு ஓர் ஊர்தியும் திரும்பும் வழிக்கு வேறோர் ஊர்தியுமாகத் தேர்ந்துகொள்ளுதல் நன்று. காலையில் விரைவு வேண்டும்; மாலையில் மலிவு போதும். என் வழக்கம் இதுவாகவே இருந்தது.

படகுப் பயணத்தில் முதலில் அறிய வேண்டியது கடைசிப் படகு எப்போது புறப்படும் என்பதே. முதற் படகைப் பற்றி எல்லோரும் விசாரிப்பர்; கடைசிப் படகைப் பற்றி விசாரிப்பவரே விவரம் அறிந்தவர். பேருந்து போய்விட்டால் அடுத்த ஊர் வரையேனும் நடக்கலாம். படகு போய்விட்டால் நடப்பதற்கு நிலம் இல்லை. அத்துறையிலேயே இரவைக் கழிக்க நேரும். இல்லையேல் தனிப்படகுக்காரன் கேட்ட பணத்தைக் கொடுக்க நேரும். எவ்வளவு சிக்கனமாக மாதம் முழுதும் இருந்தாலும் அந்த ஓர் இரவு அத்தனையையும் விழுங்கிவிடும். ஆகவே புதிதாக ஓரிடத்துக்குச் செல்லும் மாணாக்கன் துறையில் இறங்கியவுடன் செய்ய வேண்டிய முதற் காரியம், திரும்பும் படகுகளின் நேரத்தை அங்குள்ள பலகையில் பார்த்து எழுதிக்கொள்வதும், எழுதியதைப் போட்டு மாஸ்டரிடம் ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொள்வதும் ஆகும். இக்காலத்தில் கைப்பேசியில் எல்லாம் தெரியும் என்பர். பலகையே சில வேளைகளில் பழையதாய் இருக்கும்போது கைப்பேசி மட்டும் புதியதாய் இருக்கும் என்று எண்ணுவது எதற்காகவோ, எனக்கு விளங்கவில்லை.

நேரத்தைக் குலைக்கும் காரணங்கள் நீர்வழியில் சில தனியே உள்ளன. ஆகாயத்தாமரை எனப்படும் நீர்க்களை வாய்க்காலை அடைத்துவிட்டால் படகு ஊர்ந்தே செல்லும். வெள்ளக் காலத்தில் நீர் உயர்ந்து, பாலத்தின் அடியில் படகின் கூரை நுழைய இயலாமற் போகும். கோட்டயத்தை நெருங்கும் வாய்க்காலில் மற்றொரு புதுமை உண்டு. அங்கே கரைக்குக் கரை தூக்குப் பாலங்கள் அமைந்துள்ளன. படகு வரும்போது பாலத்தைக் கயிற்றால் இழுத்து உயர்த்துவர்; படகு சென்றபின் இறக்குவர். பாலம் பழுதுபட்டு உயர மறுத்தால் படகு கோட்டயத்துக் கோடிமதைத் துறைக்கு வாராது. முன்னரே காஞ்ஞிரத்தில் நின்றுவிடும். அங்கிருந்து பேருந்து பிடிக்க வேண்டும். ஆதலின் தேர்வு நாளன்று கடைசிப் படகுக்கு முந்திய படகிலன்று, அதற்கும் முந்திய படகிலேயே புறப்பட வேண்டும் என்பது அப்பகுதி மாணாக்கரிடையே எழுதாச் சட்டமாக இருந்தது.

படகைப் பேருந்தோடும் புகைவண்டியோடும் இணைப்பதில்தான் சிக்கனத்தின் பெரும்பகுதி அடங்கியுள்ளது. வைக்கத்தை எடுத்துக்கொள்வோம். 1924-25-இல் நடந்த அறப்போராட்டத்தாலும் அதில் தந்தை பெரியார் சிறைப்பட்டதாலும் தமிழர் யாவரும் அறிந்த ஊர் அது. 1925 மார்ச்சில் காந்தியடிகள் வைக்கத்துக்கு வந்ததும் படகில்தான். அவர் இறங்கிய பழைய துறை இன்றும் பேணப்படுகின்றது. வைக்கத்துக்கு எதிர்க்கரையில் தவணக்கடவு. கடவு என்பது ஆற்றைக் கடக்கும் துறை. நம் கடவுச்சீட்டில் உள்ள கடவும் அதுவே. இவ்விரு கரைகளுக்கும் இடையே படகில் ஏறக்குறைய கால் மணி நேரம். சாலை வழியே செல்வோர் தெற்கே தண்ணீர்முக்கம் அணையின் மீது சுற்றிவர வேண்டும். அக்கரையில் சேர்த்தலைக்குப் பேருந்து உண்டு. சேர்த்தலையில் புகைவண்டி நிலையம் உண்டு. இவ்வாறு சிறு படகு ஒன்று இரு பெரு வழிகளை இணைத்துவிடுகின்றது. நாட்டுப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 'எங்கே நீர் வழியைக் குறுக்குகின்றது? எங்கே சாலை சுற்றுகின்றது?' என்று பார்க்கும் பழக்கம் மாணாக்கனுக்கு வேண்டும். புவியியல் பாடம் பணத்தை மிச்சப்படுத்தும் இடம் இதுவே.

சலுகைச் சீட்டுகளைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். கேரளத்துப் படகிலும் பேருந்திலும் மாணவர்க்குக் கட்டணச் சலுகை உண்டு. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்க்கு இலவசப் பேருந்துச் சீட்டு வழங்கப்படுகின்றது. 2021 மே மாதம் முதல் மகளிர் யாவரும் அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் கட்டணமின்றிச் செல்கின்றனர். வேலைக்குச் சென்றுகொண்டே படிக்கும் பெண்களுக்கு இது எத்துணைப் பெரிய உதவி என்பதை அவர்களே கூறுவர். இருப்புப்பாதையில் 150 கிலோமீட்டர் வரை மாதாந்தரச் சீட்டு எடுக்கலாம். மாணவர்க்கு அதிலும் சலுகை உண்டு. 2020 மார்ச்சில் மூத்த குடிமக்கள் முதலிய பலருக்கு இருந்த புகைவண்டிச் சலுகை நிறுத்தப்பட்டபோதும் மாணவர் சலுகை தொடர்ந்தது. நாள்தோறும் சீட்டு எடுத்துச் செல்பவர், மாதச் சீட்டின் விலையை ஒரு முறை விசாரித்துப் பார்த்தால் தாம் இழந்துவரும் தொகையை உணர்வர்.

ஆயின் இச்சலுகைகளில் ஒரு குறையை நான் காண்கிறேன். இவை யாவும் நாள்தோறும் கல்லூரி செல்லும் முழுநேர மாணவனை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டவை. தனித்தேர்வராகவோ அஞ்சல்வழியிலோ படிப்பவனிடம் காட்டுவதற்கு அடையாளச் சான்று இராது. வயது வரம்பும் குறுக்கே நிற்கும். கேரள அரசுப் பேருந்துக் கழகம் 2023-இல் 25 வயதைக் கடந்த மாணவர்க்குச் சலுகை இல்லை என்று விதித்தது. புகைவண்டிச் சலுகையிலும் பொதுப் பிரிவினர்க்கு அதே வயதே எல்லை. குடும்பச் சுமையால் சில ஆண்டுகள் வேலை செய்துவிட்டுப் படிப்புக்குத் திரும்புபவன் பெரும்பாலும் 25-ஐக் கடந்தவனாகவே இருப்பான். அவன் ஊதியம் பெறுகின்றானே என்பர். அந்த ஊதியம் எவ்வளவு, அதிலிருந்து ஊருக்கு எவ்வளவு அனுப்புகின்றான் என்று கேட்பவர் இலர். மாதம் 120 ரூபாய் ஊதியத்தில் 60 ரூபாயை வீட்டுக்கு அனுப்பிய ஒருவன் இதனைச் சொல்லுகிறேன். சற்று அழுத்தமாகச் சொன்னால் நேயர்கள் பொறுத்துக்கொள்வார்களாக.

உணவைப் பற்றி விரிவாகக் கூற வேண்டியதில்லை. துறைகளின் அருகே சிறு தேநீர்க் கடைகள் உண்டு. கஞ்சியும் பயறும், அல்லது அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்மந்தியும் வயிற்றுக்கும் பைக்கும் இதம். தண்ணீரைக் கையோடு கொண்டுசெல்ல வேண்டும். சுற்றிலும் நீர் இருந்தும் குடிக்கத்தகும் நீர் அருமையாக இருப்பது காயல் நாட்டின் இயல்பு.

ஓய்வு நாளில் இன்பப் பயணம் செய்ய விரும்பும் ஏழை மாணாக்கனுக்கும் இதே வழி போதும். ஆலப்புழையில் படகு வீடுகள் என்று மிதக்கும் மாளிகைகள் உள்ளன. ஒரு நாள் வாடகை ஆயிரக்கணக்கில் ஆகும். அவை செல்லும் அதே வாய்க்காலில், அதே தென்னந்தோப்புகளின் நிழலில், அரசுப் படகும் செல்கின்றது. கோட்டயம் வரை அண்மையில் கட்டணம் 30 ரூபாய் அளவில்தான் இருந்தது. படகு வீட்டில் இருப்பவன் கரையைப் பார்க்கின்றான். அரசுப் படகில் இருப்பவனோ கரையில் உள்ளவர்களோடு அமர்ந்திருக்கின்றான். பால் குடத்தோடு ஒருவர் ஏறுவார். சீருடைப் பிள்ளைகள் ஏறி, இரண்டு துறை தள்ளி இறங்கிவிடுவர். மணமகனை அழைத்துவரும் கூட்டம் ஒன்று ஏறி, படகையே கல்யாண வீடாக்கிவிடும். எனக்கு மலையாளம் பேச வந்தது புத்தகத்தால் அன்று; இவர்களால்தான்.

இதுவரை கூறியவை பணத்தையும் நேரத்தையும் பற்றியவை. இனிக் கூறப்போவது உயிரைப் பற்றியது. நீர்வழிப் பயணத்தில் சிக்கனம் எவ்விடத்தில் நிற்க வேண்டும் என்பதை 2002-ஆம் ஆண்டு சூலை 27-ஆம் நாள் நடந்த ஒரு நிகழ்ச்சி காட்டும். அன்று அதிகாலையில் முகம்மாவிலிருந்து வேம்பநாட்டுக் காயலைக் கடந்து குமரகத்துக்குச் சென்ற அரசுப் படகு, குமரகத்தை நெருங்கும் நிலையில் கவிழ்ந்தது. கைக்குழந்தை ஒன்று உட்பட 29 பேர் உயிரிழந்தனர். அதில் சென்றவர்களிற் பலர் யார்? கோட்டயத்தில் அன்று நடைபெறவிருந்த அரசுப் பணித் தேர்வை எழுதச் சென்ற இளைஞர்களும் இளம் பெண்களும் ஆவர். அத்தேர்வும் பெரிய பதவிக்கன்று. கடைநிலைப் பணியாளர் வேலைக்கு. குறித்த மணிக்குத் தேர்வுக் கூடத்தை அடைய வேண்டும். அதற்கு ஏற்ற படகு அது. வழக்கத்தினும் மிகுந்த கூட்டம் அதில் ஏறிற்று. இந்நிகழ்ச்சியை ஆராய நீதிபதி நாராயண குரூப் அவர்களின் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது.

படகு ஏன் கவிழ்கின்றது என்பதை இயற்பியல் முறையில் சிறிது விளக்குகிறேன். மிதக்கும் ஒரு பொருளின் எடை கீழ்நோக்கி இழுக்கும். நீர் அதனை மேல்நோக்கித் தாங்கும். படகு சற்றே ஒரு பக்கம் சாயும்போது நீர் தாங்கும் இடமும் அப்பக்கம் நகர்ந்து, படகை மீண்டும் நிமிர்த்துகின்றது. சுமை தாழ இருக்குமளவும் இந்த நிமிர்த்தும் ஆற்றல் வலுவாக இருக்கும். மக்கள் மிகுந்து, இருக்கையில் இடமின்றி நிற்பாராயின், சுமையின் மையம் மேலே ஏறிவிடுகின்றது. நிமிர்த்தும் ஆற்றல் குறைகின்றது. படகும் அழுந்தி, அதன் விளிம்பு நீர் மட்டத்தை நெருங்குகின்றது. அந்நிலையில் படகு எதிலேனும் தட்டினாலோ, இறங்கும் அவசரத்தில் எல்லோரும் ஒரு பக்கம் திரண்டாலோ, நிமிர வேண்டிய படகு மேலும் சாய்கின்றது. நிற்பவர்கள் சரிந்து அதே பக்கம் விழுவர். அதன்பின் நிகழ்வது சில நொடிகளில் முடிந்துவிடும். கூரையும் பக்கத் தட்டிகளும் உள்ள படகில் உள்ளே இருப்பவர் வெளிவருவது கடினம். நீந்தத் தெரிந்தவர்க்கும் அந்நிலையே. மகாகவி குமாரன் ஆசான் 1924 சனவரியில் பல்லனை ஆற்றில் உயிர் துறந்ததும் இத்தகைய படகு விபத்தில்தான்.

ஆகவே நான் என் மாணாக்கர்க்குச் சொல்லிவந்தது இது: படகில் ஏறும் முன் அதன் பக்கத்தில் எழுதியுள்ள எண்ணைப் பாருங்கள். எத்தனை பேர் ஏறலாம் என்பது அங்கே குறிக்கப்பட்டிருக்கும். உள்ளே நிற்க இடமில்லாத அளவு கூட்டம் இருந்தால் ஏறாதீர்கள். உயிர்காப்பு மிதவை எங்கே உள்ளது என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். கூரைக்குக் கீழே நடுவில் அமர்வதை விடத் திறந்த பக்கத்தை ஒட்டி அமர்வது நன்று. துறையை நெருங்கும்போது எல்லோரும் எழுந்தாலும் நீங்கள் எழாதீர்கள். இதில் எனக்கு ஒரு சங்கடமும் இருந்தது. அந்தப் படகை விட்டால் தேர்வு போய்விடுமே என்று ஒரு மாணவன் கேட்டால் என்ன விடை கூறுவது? தேர்வு நடத்துவோர் கூடங்களைக் காயலுக்கு இக்கரையிலும் அமைத்திருக்கலாம். படகுத் துறையினர்க்கு முன்கூட்டி அறிவித்து மேலும் ஒரு படகை விடச் செய்திருக்கலாம். விளிம்பில் நின்று ஏறுவதா விடுவதா என்று முடிவு செய்யும் பொறுப்பை இருபது வயதுப் பிள்ளையின் தலையில் சுமத்துவது நியாயமாகாது. அப்படியும் அவனிடம், 'ஏறாதே' என்றுதான் நான் சொல்வேன்.

அண்மைக்காலத்தில் இத்துறையில் நல்ல மாறுதல்கள் நிகழ்ந்துள்ளன. 1917-ஆம் ஆண்டின் பழைய உள்நாட்டுக் கலச் சட்டத்துக்கு மாற்றாக 2021-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. வைக்கம்–தவணக்கடவு வழியில் 2017 சனவரியில், 'ஆதித்யா' என்னும் பெயருடைய கதிரொளிப் படகு ஓடத் தொடங்கிற்று. 75 பேர் செல்லத்தக்க அப்படகில் டீசல் புகையும் இல்லை, எந்திர இரைச்சலும் இல்லை. இரு மிதவைகளை இணைத்து அமைத்த அகன்ற படகாதலின் எளிதில் சாயாது. படித்துக்கொண்டே செல்வோர்க்கு அதனினும் ஏற்ற ஊர்தி வேண்டுமோ!

கொச்சியில் 2023 ஏப்ரலில் நீர் மெட்ரோ தொடங்கப்பட்டது. மின்கலத்தால் இயங்கும் அப்படகுகளில் 100 பேர் செல்லலாம். தொடக்கத்தில் குறைந்த கட்டணம் 20 ரூபாய். மாதச் சீட்டு 600 ரூபாய்க்கு 50 பயணம். அதாவது ஒரு பயணத்துக்கு 12 ரூபாய். எறணாகுளத்திலிருந்து செல்லும் அரசின் பழைய படகில் இதனினும் குறைவாகச் செல்லலாம் என்பதால், கையில் காசு குறைந்த மாணாக்கர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தே முடிவு செய்வர். ஆயினும் அந்தப் புதிய துறைகளில் நான் விரும்பிப் பார்த்தது ஒன்று உண்டு. மிதக்கும் மேடை படகின் தளத்தோடு சமமாக நிற்பதால், முதியவரும் சக்கர நாற்காலியில் வருபவரும் தடையின்றி ஏறுகின்றனர். நுழைவாயிலில் ஒவ்வொருவராகச் செல்லும் சுழற்கதவு, உள்ளே சென்றவர்களை எண்ணிக்கொண்டே இருக்கின்றது. படகுக்குரிய எண்ணிக்கை நிறைந்ததும், அடுத்து நிற்பவர் எத்துணை அவசரத்தில் இருந்தாலும், கதவு நின்றுவிடுகின்றது. அவர் அடுத்த படகுக்குக் காத்திருக்கின்றார்.